ஓடை வரவில்லையா? ரீடரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

இணையதளங்களின் புதுப் பதிவுகளை ஓரிடத்தில் திரட்டித் தரும் ஆர்எஸ்எஸ் ரீடர் மக்கர் செய்தால் பலரும் முதலில் செய்வது அதை நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவுவதுதான். புதியதிலும் அதே கோளாறு வரும். அப்புறம் இன்னொன்று. கோளாறு ரீடரிலா, ஓடையிலா (தளம் தன் புதுப் பதிவுகளைப் பட்டியலிட்டு வைக்கும் கோப்பு), கணினியிலா என்று பிரித்துப் பார்க்காமல் எந்த ரீடர் நல்லது என்று கேட்பதில் பயனில்லை. அதனால் கீழே அறிகுறிப்படி எழுதியிருக்கிறோம். ரீடரை மாற்றினால் தீரும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். அவை நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

(நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனைப் பக்கம் ஆர்எஸ்எஸ் என்றால் முதலில் ரப்பர் ஷீட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. ஆனாலும் வடிகட்டி பகுதியில் அந்த ஷீட் குறுக்கே வரும்.)

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

கோளாறான ஓடையின் முகவரியை நகலெடுத்து பிரவுசரில் ஒட்டுங்கள். 2018 டிசம்பரில் வந்த 64-ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸ் ஓடைகளைப் படிக்கத் தக்கபடி காட்டுவதில்லை. கோப்பை இறக்கவா என்று கேட்கும். பயப்பட வேண்டாம். முகவரிக்கு முன்னால் ‘வியூ-சோர்ஸ்’ என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து எண்டர் தட்டினால் மூலம் அப்படியே தெரியும்.

அதில் மூன்றைப் பாருங்கள். முதல் வரியே எக்ஸ்எம்எல் (ஓடை எழுதப்படும் வடிவம்) அறிவிப்பாக இருக்கிறதா? தளத்தில் இன்று வந்த பதிவின் தலைப்பு உள்ளே இருக்கிறதா? கடைசி வரி ஒழுங்காக மூடியிருக்கிறதா, பாதியில் அறுந்திருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தும் ரீடரில் வரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் பக்கம். மூலத்திலேயே இல்லை என்றால் உலகத்தில் எந்த ரீடரைப் போட்டாலும் வராது.

எல்லா ஓடையும் ஒரே நாளில் நின்றுவிட்டது

கணினியின் தேதியைப் பாருங்கள். இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கரன்ட் போய்ப் போய் வரும். பழைய மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால், கரன்ட் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ‘இன்னும் செல்லுபடிக்கு வரவில்லை’ என்று ரீடர் நினைத்துக்கொண்டு எச்டிடிபிஎஸ் இணைப்பு எதையும் ஏற்காது. பிரவுசரும் அதே பாட்டைப் பாடும், அதுதான் அடையாளம். தேதியைச் சரிசெய்தால் அப்போதே வரும். அடுத்த கரன்ட் வெட்டிலும் வர வேண்டுமென்றால் பேட்டரியை மாற்றுங்கள்: சிஆர்2032, 3 வோல்ட். மல்டிமீட்டரில் 2.7-க்குக் கீழே காட்டினால் அதன் காலம் முடிந்தது.

பிரவுசரில் எல்லாம் திறக்கிறது, ரீடர் மட்டும் எஸ்எஸ்எல் (பாதுகாப்பு இணைப்பு) பிழை சொல்கிறதா? ரீடர் கிழடாகிவிட்டது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தோடு வந்த மென்பொருள்கள் அன்றோடு பல தளங்களைத் திறக்க மறுத்தன. குவைட்ஆர்எஸ்எஸ் பலருக்கும் பழகிய நல்ல ரீடர்தான், ஆனால் அதன் வளர்ச்சி நின்று வருடங்கள் ஆகின்றன. இந்த அறிகுறிக்கு ரீடரை மாற்றுவதே மருந்து. அதே முகச்சாயலில், மூன்று பலகங்களோடு வேண்டுமென்றால் ஆர்எஸ்எஸ் கார்டு (ஆங்கிலத்தில் RSS Guard). விண்டோஸ் 7 கணினி என்றால், ஓடைகளையும் படிக்கும் மின்னஞ்சல் மென்பொருளான தண்டர்பேர்டின் 115-ஆம் பதிப்புதான் கடைசி. அதற்கு மேல் ஏறாது.

ஒரே ஒரு ஓடை மட்டும் வரவில்லை

ரீடர் காட்டும் எண்ணைப் படியுங்கள். 404 என்றால் முகவரி மாறிவிட்டது. தளத்தின் முகப்பைத் திறந்து கண்ட்ரோல்-யு அழுத்தி, மூலத்தில் ‘ஆல்டர்னேட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தேடினால் புது முகவரி பக்கத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் ஊகிக்கலாம். வேர்ட்பிரஸ் தளம் என்றால் முகவரியின் முடிவில் /ஃபீட்; பிளாகர் என்றால் /ஃபீட்ஸ்/போஸ்ட்ஸ்/டிஃபால்ட். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். யூடியூப் சேனல்களுக்கும் ஓடை உண்டு. சேனல் பக்கத்தின் முகவரியை ஒட்டினாலே பல ரீடர்கள் தாமாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். 410 என்றால் ஓடையை வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள், தேட வேண்டாம்.

403 வேறு கதை. பிரவுசரில் திறக்கும், ரீடரில் திறக்காது. தளத்தின் முன்னால் நிற்கும் காவல் அமைப்பு ரீடரை ரோபோ என்று நினைத்து வாசலிலேயே நிறுத்துகிறது. ஒருவகையில் அது சரிதான், ரீடர் ரோபோதானே. ஆர்எஸ்எஸ் கார்டிலும் நியூஸ்போட் என்ற ரீடரிலும், தளத்திடம் தன்னைச் சொல்லிக்கொள்ளும் யூசர்-ஏஜென்ட் பெயரை மாற்றும் அமைப்பு இருக்கிறது. சில தளங்களுக்கு அது போதும். ‘நீ மனிதன்தானா’ என்று பெட்டி டிக் பண்ணச் சொல்லும் தளங்களுக்குப் போதாது. தள நிர்வாகிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, ஓடையின் முகவரிக்கு மட்டும் விலக்குத் தரச் சொல்வதே நிரந்தர வழி.

429 என்றால் நீங்கள்தான் குற்றவாளி: அடிக்கடி கேட்கிறீர்கள். 5 நிமிட இடைவெளியை 60 ஆக்குங்கள்.

எண் எதுவும் இல்லாமல் ‘எக்ஸ்எம்எல் பிழை’ என்று மட்டும் வந்தால் மூலத்தின் முதல் வரிக்குப் போங்கள். அறிவிப்புக்கு முன்னால் ஒரு வெற்று வரி இருந்தாலே கண்டிப்பான ரீடர்கள் மொத்தத்தையும் தள்ளிவிடும். வேர்ட்பிரஸில் தீம் கோப்பைக் கையால் திருத்தும்போது கடைசியில் ஒரு எண்டர் கூடுதலாக விழுந்தால் இப்படி ஆகும். இன்னொரு காரணம் தலைப்பில் வரும் & குறி. அதை எக்ஸ்எம்எல் முறைப்படி மாற்றி எழுதாமல் அப்படியே விட்டால், அந்த இடத்தோடு வாசிப்பு நின்றுவிடும். ‘முருகன் & கோ’ விளம்பரம் போட்ட அன்று மட்டும் ஓடை சாகும்; அந்தப் பதிவு பட்டியலை விட்டு வெளியேறியதும் உயிர் பெறும். தானாகச் சரியாகிவிட்டதே என்று குழம்புவார்கள். சில ரீடர்கள் இந்தப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும், சில பொறுக்காது. இங்கேயும் ரீடரை மாற்றினால் பலன் கிடைக்கலாம், ஆனால் உண்மையான வைத்தியம் தளத்தில்தான்.

தமிழ் தெரியவில்லை

எப்படித் தெரியவில்லை என்பதுதான் கேள்வி. நான்கு விதம் இருக்கிறது.

வெறும் கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது, அங்கே இந்தப் பிரச்சினை அரிது. டெபியன், உபுண்டுவில் நோட்டோ எழுத்துருத் தொகுப்பையோ லோகித் தமிழையோ நிறுவி ரீடரை மூடித் திறந்தால் போதும். விளவங்கோடு பக்கத்தில் மலையாள ஓடைகளும் சேர்த்துப் படிப்பவர்கள் அதிகம். தமிழ் சரியாகி மலையாளம் மட்டும் கட்டமாக நின்றால் லோகித் மலையாளம் என்று தனியாக நிறுவ வேண்டும்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, அடுத்து வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட ® குறி என்று மாறி மாறி வந்தால் எழுத்துரு மேல் பழி இல்லை. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. அந்த மூன்றையும் மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையில் தனித்தனியாக வாசித்தால் இந்தக் கோலம் விழும். அதனால்தான் ஒரே குறி திரும்பத் திரும்ப வருகிறது. மூலத்தின் முதல் வரியில் என்கோடிங் (எழுத்துக் குறியீட்டு முறை) என்ன என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். அது ஐஎஸ்ஓ-8859-1 என்று இருந்தால் தளம் பொய் சொல்கிறது. திருத்த வேண்டியது அவர்கள். முதல் வரி சரியாக இருந்தும் கோலம் வந்தால், சர்வர் அனுப்பும் தலைப்புச் செய்தியில் வேறு என்கோடிங் சொல்லியிருக்கும்.

தமிழும் இல்லாமல் ஐரோப்பிய எழுத்துகள் கலந்து கட்டி வந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி அல்லது டாப் எழுத்து முறைக் காலத்துத் தளம். எழுத்துமாற்றி மென்பொருளைக் கொண்டுதான் படிக்க முடியும்; ரீடர்கள் எதுவும் இதற்கு உதவாது.

வெறும் கேள்விக்குறிகள் ???? என்று வரிசையாக வந்தால் விட்டுவிடுங்கள். தளத்தின் தரவுத்தளத்தில் சேமிக்கும்போதே எழுத்துகள் தொலைந்துவிட்டன. திரும்ப வராது.

வடிகட்டி நம் ஊர்ப் பெயரைப் பிடிக்கவில்லை

பெரிய செய்தித் தளங்களின் ஓடையில் குமரிச் செய்தியை மட்டும் பிரித்தெடுக்க நினைப்பவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தண்டர்பேர்டில் ஓடைக் கணக்குக்கும் மின்னஞ்சல் போலவே வடிகட்டி வைக்கலாம். ஆர்எஸ்எஸ் கார்டு, ஃப்ளூயன்ட் ரீடர் இரண்டும் இன்னும் நுணுக்கமாகச் செய்யும். ‘குளச்சல்’ என்று கொடுக்கிறீர்கள். ‘குளச்சலில் கடல் சீற்றம்’ என்ற தலைப்பு வடிகட்டியில் சிக்காமல் போகிறது. ரீடர் கெட்டுவிட்டதா? இல்லை, தமிழ் எழுதப்படும் விதம் அப்படி.

‘ல்’ என்பது கணினிக்கு இரண்டு குறியீடு: ‘ல’, அதன் பின் புள்ளி. ‘லி’ என்பதும் இரண்டு: ‘ல’, அதன் பின் இகரக் கொக்கி. புள்ளியோடு தேடினால் கொக்கி வந்த இடத்தில் பொருந்தாது. ஆகவே கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘குளச்சல’ என்று கொடுங்கள். குளச்சல், குளச்சலில், குளச்சலுக்கு எல்லாம் சிக்கும். மகர ஈற்றுப் பெயர்களில் கடைசி எழுத்தையே வெட்டுங்கள்: ‘மார்த்தாண்ட’ என்று கொடுத்தால் மார்த்தாண்டமும் வரும், மார்த்தாண்டத்தில் என்பதும் வரும். ‘தோவாளை’யின் கடைசி எழுத்தில் தொல்லையில்லை, ஐகாரம் மாறாமல் நிற்கும்.

நாகர்கோவில்தான் பெரும்பாடு. ஒருவர் கோவில் என்பார், இன்னொருவர் கோயில் என்பார். போதாததற்கு ‘கோ’வின் ஓகாரத்தை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு ஏகாரம் தனியாகவும் கால் தனியாகவும் இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு வேறு. எல்லாவற்றையும் தாண்ட ‘நாகர்க’ என்று மட்டும் கொடுங்கள். அந்தக் ககரத்தோடு நிறுத்தினால் பின்னால் எது வந்தாலும் கவலையில்லை. எப்போதாவது ‘நாகர்கள்’ பற்றி ஒரு செய்தியும் கூட வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ரப்பர் விலைக்கு ‘ஆர்எஸ்எஸ்’ என்று வடிகட்டி வைத்தால் அரசியல் செய்திகள் வந்து குவியும். ‘ஆர்எஸ்எஸ் 4’ (ஷீட்டின் தரப் பெயர்), ‘ரப்பர் ஷீட்’ என்று இரண்டு விதிகள் தனித்தனியாக வையுங்கள். 4-க்கு முன் இடைவெளி விட்டும், கோடு போட்டும், சேர்த்தும் எழுதுவார்கள். மூன்றுக்கும் விதி வேண்டும்.

இடையில் பதிவுகள் காணவில்லை

ஓடை என்பது பழைய பதிவெல்லாம் இருக்கும் அலமாரி இல்லை. கடைசிச் சில பதிவுகள் மட்டும் தெரியும் சன்னல். வேர்ட்பிரஸ் வழக்கமாக 10 பதிவுகளைத்தான் வைக்கும். ஒரு நாளைக்கு 60 பதிவு போடும் செய்தித் தளம் என்றால், எந்தப் பதிவும் ஓடையில் சுமார் 4 மணி நேரம்தான் இருக்கும். இரவு பத்து மணிக்குக் கணினியை அணைத்து காலையில் போட்டால் நடுவில் வந்தவை போனவைதான். மேசைக் கணினியில் இயங்கும் எந்த ரீடருக்கும் இந்தக் குறை உண்டு. தண்டர்பேர்டை விட்டு லைஃபெரியா என்ற ரீடருக்குப் போவதால் இது தீராது.

தீர வேண்டுமானால், நீங்கள் தூங்கும்போதும் விழித்திருக்கும் ஒன்று ஓடைகளைச் சேகரிக்க வேண்டும். இனோரீடர், ஃபீட்லி போன்ற இணையச் சேவையில் கணக்கு வைப்பது எளிய வழி. சொந்தமாக வேண்டுமென்றால் ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினியில் ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் மென்பொருள். மினிஃபிளக்ஸும் நல்லதுதான், ஆனால் அதற்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேண்டும். ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தோடு திருப்தியாகிவிடும். மேசைக் கணினியில் ஆர்எஸ்எஸ் கார்டு, ஃப்ளூயன்ட் ரீடர், மேக்கில் நெட்நியூஸ்வயர் ஆகியவற்றை அதனுடன் இணைத்துக்கொள்ளலாம். இணைக்கும்போது ‘கூகுள் ரீடர் ஏபிஐ’ என்று ஒரு பெயர் வரும். 2013 ஜூலை 1-ல் மூடப்பட்ட அதே கூகுள் ரீடர்தான். கடை போய்விட்டது, அது பேசிய மொழி மட்டும் ஊரெல்லாம் புழங்குகிறது.

ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வைத்திருந்தால் பையையும் அதில் சேர்க்கத் தோன்றும். பெரும்பாலான ரவுட்டர் முனை 12 வோல்ட், பைக்கு 5 வோல்ட். 5 வோல்ட் யுஎஸ்பி முனையும் உள்ள யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் பை புகைந்துவிடும்.

இந்த இடத்தில் கடலோரக் கிராமத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ரீடர் தானாகப் போய்க் கேட்டால்தான் ஓடை பதில் சொல்லும். ஓடை உங்களைத் தேடி வராது. தண்டர்பேர்டின் வழக்கமான இடைவெளி 100 நிமிடம். 2017-ல் ஒக்கி புயல் எவ்வளவு வேகமாக வந்தது என்று முட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ சொல்ல வேண்டியதில்லை. வானிலை ஓடையை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற முடிவை அதைக் கொண்டு எடுக்க வேண்டாம்.

நேரம் தப்பாகக் காட்டுகிறது, பழைய பதிவு மேலேயே நிற்கிறது

மதியம் 12 மணிப் பதிவு மாலை 5:30 என்று காட்டினால், தளம் இந்திய நேரத்தை எழுதிவிட்டு அது கிரீன்விச் நேரம் என்று முத்திரை குத்துகிறது. ரீடர் கடமை தவறாமல் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுகிறது. எதிர்காலத்தில் இருக்கும் பதிவு பட்டியலின் தலையில் உட்கார்ந்துகொள்ளும். தளம் உங்களுடையது என்றால் வேர்ட்பிரஸ் பொது அமைப்புகளில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா ஆக்குங்கள்.

1970 ஜனவரி 1, காலை 5:30 என்று வந்தால் தேதியே ரீடருக்குப் புரியவில்லை. கணினிக் காலக் கணக்கின் பூஜ்ஜியம் நம் நேரத்தில் அதுதான். கையால் செய்த தளங்களில் மாதப் பெயரைத் தமிழில் ‘நவம்பர்’ என்று ஓடைக்குள்ளும் எழுதிவிடுவார்கள். பக்கத்தில் தமிழில் இருக்கட்டும். ஆர்எஸ்எஸ் ஓடையின் தேதி வரியில் ஆங்கில மூன்றெழுத்துச் சுருக்கம்தான் செல்லும்.

ஒரே பதிவு இரண்டு மூன்று தடவை

ஒரு நாள் மட்டும் எல்லாம் இரட்டித்தால் தளம் எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறியிருக்கும். பதிவின் அடையாள எண்ணில் முகவரி சேர்ந்திருந்ததால் ரீடர் புதுப் பதிவென்று எடுத்துக்கொண்டது. எல்லாவற்றையும் படித்ததாகக் குறித்துவிட்டுப் போய்விடலாம். தினமும் இரட்டித்தால், ஒவ்வொரு தடவையும் அடையாள எண் மாறுகிறது. ஆர்எஸ்எஸ் கார்டின் கட்டுரை வடிகட்டியில் தலைப்பை ஒப்பிட்டுத் தள்ளலாம்.

இரண்டு வரியோடு நிற்கிறது

தளம் சுருக்கத்தை மட்டும் தருகிறது. முழுப் பக்கத்தை இழுத்துக் காட்டும் வசதி ஃப்ளூயன்ட் ரீடரில் ஓடைவாரியாக உண்டு.

கணினி திணறுகிறது, டேட்டா தீர்கிறது

4 ஜிபி நினைவகக் கணினியில் எலக்ட்ரான் வகை (உள்ளே ஒரு பிரவுசரையே சுமந்து ஓடும்) ரீடர்களை வைக்காதீர்கள். ஃப்ளூயன்ட் ரீடர் அந்த வகை. ஆர்எஸ்எஸ் கார்டில் வெப்எஞ்சின் எனும் உள் பிரவுசர் இல்லாத இலேசான பதிப்பு கிடைக்கிறது. தண்டர்பேர்டில் முழு இணையப் பக்கத்துக்குப் பதில் சுருக்கத்தைக் காட்டும்படி வைத்தாலே பாதி பாரம் இறங்கும். இருப்பதிலேயே மெலிந்தது டெர்மினலில் (கட்டளைச் சாளரத்தில்) ஓடும் நியூஸ்போட். ஆனால் பல டெர்மினல்களில் தமிழ்க் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். ஆங்கில ஓடைக்கு அருமை, தமிழுக்குக் கண்வலி.

போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டினால் கணக்குப் போடுங்கள். 150 ஓடை, ஒவ்வொன்றும் 80 கேபி என்றால் ஒரு சுற்றுக்கு 12 எம்பி. கால் மணிக்கு ஒருமுறை வீதம் 10 மணி நேரத்தில் 40 சுற்று: 480 எம்பி. படங்கள் கணக்கில் இல்லை. ‘மாறியிருந்தால் மட்டும் அனுப்பு’ என்று ரீடர் கேட்டு, சர்வரும் 304 என்று பதில் தந்தால் இது வெகுவாகக் குறையும். எல்லா சர்வரும் தருவதில்லை. இடைவெளியை ஒரு மணி நேரமாக்குவது நிச்சயமான வழி.

கரன்ட் போனபின் ரீடர் திறக்கவில்லை

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவுத்தளக் கோப்பு உருக்குலையும். ரீடரை மூடி, அதன் கோப்புறை முழுவதையும் முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பிறகு தரவுத்தளக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு ரீடரைத் திறந்தால் வெறுமையாகத் திறக்கும். முன்பே ஏற்றுமதி செய்து வைத்த ஓபிஎம்எல் (ஓடைப் பட்டியல்) கோப்பிலிருந்து ஓடைகளை ஏற்றலாம். நட்சத்திரம் போட்டவை முக்கியம் என்றால், நகலெடுத்த கோப்பின் மேல் எஸ்க்யூலைட் கருவியின் ரிகவர் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். தண்டர்பேர்டில் இவ்வளவு வேலையில்லை: கோப்புறையில் வலது சொடுக்கி, பண்புகளில் பழுதுபார்ப்பு.

இத்தனைக்குப் பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய ரீடரிலிருந்து ஓபிஎம்எல் ஏற்றுமதி செய்யுங்கள். தண்டர்பேர்டில் அது ஓடைக் கணக்கின் சந்தா சாளரத்துக்குள் ஒளிந்திருக்கிறது. ஓபிஎம்எல்லில் முகவரிகளும் கோப்புறைகளும் மட்டுமே போகும். படித்தது, நட்சத்திரம், வடிகட்டி எதுவும் போகாது. ஆகவே வடிகட்டிச் சொற்களைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், ‘நாகர்க’ உட்பட. புதியதில் ஏற்றியதும் ஓடைகளின் எண்ணிக்கையைப் பழையதோடு ஒப்பிடுங்கள். முதல் சுற்றில் நூற்றுக்கணக்கில் படிக்காதவை வரும். மூன்று நாளுக்கு முந்தையவற்றைப் படித்ததாகக் குறித்துவிடுங்கள். பழைய ரீடரை ஒரு வாரம் நீக்காமல் வையுங்கள், ஆனால் அதன் தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டு. இரண்டும் ஒரே சர்வரைத் தட்டினால் மறுபடியும் 429.